நதிமுகத்தில் ஒரு கீழ் வீடு

ஆகஸ்ட் 12

இது போன வருஷத்து டைரி. மருந்துக் கடைக்காரர் மிச்சமிருந்ததை இப்போது தூக்கிக் கொடுத்தார். கிழமை பொருந்தாது, தேதி பொருந்தும். மாமாவின் மாத்திரை நேரத்தைக் குறித்து வைக்கத்தான் வாங்கினேன். காலையில் வெள்ளை, மதியம் பாதி வெள்ளை, ராத்திரி சிவப்பு. எழுதி முடித்தால் பக்கம் முழுக்க மிச்சம் கிடக்கிறது. வீணாக்க மனசு வரவில்லை.

மாமா என்பது என் வீட்டுக்காரர் சம்பத்தின் அப்பா, ஆதிமூலம். மவுண்ட் ரோடு பக்கம் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினார். இப்போது கால் வராது. தூக்கத்தில் "மூணாவது மாடி யாரு?" என்று கேட்பார். பக்கத்து ஷெட்காரர்கள் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் போகிறது.

பெரிய வெள்ளத்தில் எங்கள் ஓடக்கரைப் பகுதி முங்கிய பிறகு ஆற்றோரம் சுவர் கட்டினார்கள். ஆள் உயரத்தைவிட உயரம். சுவருக்கு இடம் வேண்டுமென்று எங்கள் வீடுகளை இடித்தார்கள். இதே இடத்தில் மாடி வீடு கட்டித் தருவார்களாம், அதுவரை தகர ஷெட். முன்னால் சுவர், பின்னால் மேம்பாலத்து மதில், வந்து போக ஒரே சந்து. இட்லிக் கொப்பரைக்குள் இருக்கிற இட்லிக்குத்தான் எங்கள் கஷ்டம் தெரியும்.

வரப்போகும் குடியிருப்புக்கு 'நதிமுகம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகம் எங்கே தெரிகிறது? நாற்றம் மட்டும் சுவரைத் தாண்டி வருகிறது.

ஆகஸ்ட் 20

இன்று வீடு வரைந்தார்கள். காகிதத்தில் இல்லை, தரையில். திட்டம் போடுகிற கம்பெனியிலிருந்து மதிவதனி என்றொரு பெண் வந்திருந்தாள். கோயமுத்தூர்க்காரி. பிளானைக் காட்டினால் ஜனங்களுக்குப் புரியவில்லை என்று, கட்டப்போகிற வீட்டை அதே நீள அகலத்தில், வீடுகளை இடித்த மைதானத்தில் கோலமாவால் போட்டுக் காட்டுகிறாள். "நடந்து பாருங்கக்கா, சமையல் பண்ணிப் பாருங்க, எது இடிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள்.

பெண்கள் எல்லோரும் சமையலறைக்குள் புகுந்தோம். பக்கத்து ஷெட் தேசம்மா, இல்லாத அடுப்பில் இல்லாத தோசையைத் திருப்பிப் போட்டுக் காட்டினாள். ஆண்கள் டி.வி.க்கு இடம் தேடினார்கள். மாடிப்படிக்கும் ஒரு பெட்டி வரைந்து குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள். அதை யாரும் மிதித்துக்கூடப் பார்க்கவில்லை. நானும்தான்.

நான் முதலில் மாமாவின் கட்டில் போகுமா என்று சாணளந்தேன். அப்புறம்தான் கிரைண்டருக்கு. அவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து கோட்டுக்குள் வைத்தோம். நாலு பக்கமும் பார்த்தார்.

"இது எத்தினியாவது மாடி?"

"கீழ் வீடு மாமா."

"அப்ப சரி. நான் ஏறி எறங்குனது போதும் குணா. என்னைத் தரையில வை. செத்தா வாசல்ல கிடத்தணும். மாடியில செத்தவன எங்க கிடத்துவ?"

வாய் ஓயாத கிழம். எனக்குக் கீழ் வீடு வேண்டும், அது என் இட்லி மாவு வியாபாரத்துக்காக. மாடியில் மாவு விற்றால் யார் ஏறி வருவார்கள்? மாமாவுக்காக இல்லை, மாவுக்காக. எழுதியே வைக்கிறேன்.

ஆகஸ்ட் 21

சம்பத்துக்கு போன் பண்ணினேன். பெங்களூரில் கம்பெனி வண்டி ஓட்டுகிறார், லீவு கிடைக்காது. பேசும்போது பின்னால் ஒரு குழந்தை "அப்பா" என்று அழுதது. பக்கத்து வீட்டுக் குழந்தையாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

செப்டம்பர் 4

மதிவதனி ஷெட்டுக்கு வந்தாள். மாவு வாங்க வந்ததாகச் சொன்னாள். ஹாஸ்டலில் இருப்பவளுக்கு மாவு எதற்கு?

"அக்கா, கீழ் வீடு வேணாம்னு நீங்க சொன்னா மத்தவங்க கேப்பாங்க" என்றாள்.

"நான் ஏன் சொல்லணும்?"

சுவருக்கு அடியில் மழைத் தண்ணீர் ஆற்றுக்குப் போகக் குழாய் வைத்திருக்கிறார்களாம். குழாய் முனையில் இரும்பு மூடி. ஆறு கீழே ஓடினால் மூடி திறந்து எங்கள் தண்ணீர் வெளியே போகும். ஆறு ஏறினால் மூடி தானாக அடைத்துக்கொள்ளும், ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராது.

"நல்லதுதானே" என்றேன்.

"அந்நேரம் உள்ள பெய்யற மழை எங்கக்கா போகும்? மோட்டார் வச்சு இறைக்கணும். பேய்மழையில கரண்டு நிக்குங்களா?"

அதனால் தரையில் வீடே கூடாது, வெறும் தூண்களாக விட்டுவிட வேண்டும், போன வீடுகளுக்கு ஈடாக மேலே ஒரு மாடி ஏற்ற வேண்டும் என்கிறாள். கம்பெனியில் அவள் பேச்சு எடுபடவில்லை. மாடி கூடினால் அனுமதி புதிதாக வாங்க வேண்டும். ஒரு வருஷம் தள்ளிப்போகும். அந்த ஒரு வருஷமும் நாங்கள் தகரத்தில்.

"ஆறு வரும்னு சுவர் கட்டுனீங்க, அதுக்காக வீட்டை இடிச்சீங்க. இப்ப சுவரால மழை வரும்ன்றீங்க. உங்களுக்கு ஒரு வழியே கிடையாதா?" என்றேன்.

மாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் காசு வாங்கவில்லை. மாமா கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றத கேக்காத" என்றார்.

செப்டம்பர் 15

கூட்டம். கீழே வீடா, வெறும் தூணா? கை தூக்கச் சொன்னார்கள். ஷெட் வரிசைக்கு நான்தான் பிரதிநிதி என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

"நாலாவது மாடியில குந்திக்கினு இட்லி மாவைக் கயித்துல கட்டி எறக்கவா?" என்று கேட்டேன். மைதானமே சிரித்தது. அப்புறம் மதிவதனி பேசியது யார் காதிலும் ஏறவில்லை. முட்டி வலிக்காரி தேசம்மா இரண்டு கையையும் தூக்கினாள்.

கீழ் வீடுகள் வருகின்றன. முதலில் வயசானவர்கள், நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீட்டுக்குத்தான் கொடுப்போம் என்று வீடு ஒதுக்குகிற அதிகாரி அறிவித்தார். எல்லோரும் கை தட்டினோம். நல்ல மனசுள்ள அதிகாரி. மதிவதனி மட்டும் தட்டவில்லை. தோற்ற கடுப்பு என்று நினைத்தேன்.

மாமாவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. மாவு ஆட்ட நேரமாகிவிட்டது என்று உருவிக்கொண்டேன்.

செப்டம்பர் 16

சம்பத் போன் எடுக்கவில்லை. வேலையாக இருக்கும்.

அக்டோபர் 18

மாதிரிக் கட்டடம் திறந்தார்கள். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, நடுவில் படி. கீழ் வீட்டை சினிமா செட் மாதிரி ஜோடித்திருக்கிறார்கள். சோபா, சாப்பாட்டு மேசை, மேசையில் பிளாஸ்டிக் ஆப்பிள். மேல் வீடு வெறும் சிமென்ட். மாமாவை நாற்காலியோடு கொண்டுபோய்க் காட்டினோம். சாப்பாட்டு மேசையைத் தட்டிப் பார்த்து, "பெரிய மேசை. ஆளே படுக்கலாம்" என்றார். ஆட்டோ ஓட்டும் அந்தோணி, "படுத்துப் பாக்குறியா நைனா?" என்று கேட்டான்.

திரும்பி வந்ததும் ஷெட் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. கையை நீட்டினால் இந்தத் தகரம், காலை நீட்டினால் அந்தத் தகரம். வெளியே வந்தால் சுவர். சில நேரம் நெஞ்சை அடைக்கிறது. யாரிடம் சொல்ல? மாமாவிடம் சொன்னேன். "லிஃப்ட்டு நின்னா பயப்படக்கூடாது குணா. மூச்சை மெதுவா உடு. யாராச்சும் வந்து தொறப்பாங்க" என்றார்.

நவம்பர் 6

மழை. மாவு புளிக்கவில்லை.

நவம்பர் 19

மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசுவது காதில் ஏறவில்லை. மாமாவுக்கு ஜுரம். வெள்ளை மாத்திரை முழுசாகக் கொடுத்தேன்.

நவம்பர் 30

மாதிரிக் கட்டடத்தின் மேல் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி மாமாவின் மருந்துப் பையில் இருந்ததால் தப்பித்தது.

விடியும்போது ஷெட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். ஆறுதான் ஏறி வந்துவிட்டதென்று ஓடிப்போய் சுவரைப் பார்த்தேன். சுவர் கல் மாதிரி நின்றது. ஒரு விரிசல் இல்லை, ஒரு சொட்டு கசியவில்லை. இந்தப் பக்கம் பெய்ததுதான் இந்தப் பக்கமே நின்றது. மோட்டார் ஒரு மணி நேரம் உறுமிவிட்டு நின்றுபோனது. ஒற்றைச் சந்திலும் இடுப்பளவு. வெளியே போக வழி இல்லை.

டீ குடிக்கிற நேரத்துக்குள் முழங்கால் அளவு ஆகிவிட்டது. அந்தோணியும் இன்னும் மூன்று பேரும் மாமாவை நாற்காலியோடு தூக்கினார்கள். முதலில் மாதிரிக் கட்டடத்தின் கீழ் வீட்டுக்குத்தான் போனோம். அங்கே சாக்கடைத் துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் ஆப்பிள் மிதந்தது. இந்த மாதிரி வீட்டைத்தான் நான் எல்லா வயசானவர்களுக்கும் கை தூக்கி வாங்கிக் கொடுத்தேன்.

படியேறும்போது மாமா கேட்டார், "எத்தினியாவது மாடி?"

"முதல் மாடி மாமா."

சுற்றி நெருக்கிக்கொண்டு ஏறும் கூட்டத்தைப் பார்த்தார். "ஓவர்லோடு. ரெண்டு பேர் எறங்குங்க" என்றார். அந்த நிலையிலும் சிரித்தோம்.

டிசம்பர் 1

மழை விடவில்லை. அறைக்கு அறை ஜனம், கால் நீட்ட இடமில்லை. மாமாவுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. தேசம்மா தன் புடவையை நனைத்து நெற்றியில் போட்டாள். படகு கேட்டு அந்தோணி போன் மேல் போன் போட்டான். வருகிறதாம்.

"கீழ போலாம் குணா" என்கிறார்.

"தண்ணி மாமா, வடியட்டும்."

"தரையில வைக்கிறேன்னியே."

நெற்றியில் கிடந்த துணியை மறுபடி நனைத்துப் போட்டேன்.

டிசம்பர் 2

மாமா காலையில் போய்விட்டார். கண்ணைத் திறந்து, தெளிவாக, டியூட்டியில் சொல்கிற மாதிரி, "கிரவுண்டு ஃப்ளோர். எறங்கறவங்க எறங்கலாம்" என்றார். பக்கத்தில் அந்தோணியும் இருந்தான். அவ்வளவுதான்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மாடியில் இத்தனை குழந்தைகளுக்கு நடுவில் வைத்திருக்க முடியாது. மூங்கில் ஏணியில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கினார்கள். படி பாதியில் திரும்புகிற இடத்தில் ஏணி திரும்பவில்லை. தலைப்பக்கத்தைச் சாய்த்தார்கள், கால்பக்கத்தை உயர்த்தினார்கள். சுவரில் இடித்தது. திரும்பவும் மேலே ஏற்றி, திரும்பவும் இறக்கிப் பார்த்தார்கள். அவர் தலை இரண்டு தடவை சுவரில் பட்டது. நான் பார்த்தேன்.

கடைசியில் ஏணியை விட்டுவிட்டு, அவரை நிமிர்த்தி, என் புடவையால் அந்தோணியின் முதுகோடு சேர்த்துக் கட்டினோம். மாமா லிஃப்ட்டில் நிற்கிற மாதிரி நின்றபடியே இறங்கிப் போனார்.

கீழே கிடத்தத் தரை இல்லை. மாதிரி வீட்டின் சாப்பாட்டு மேசை ஒன்றுதான் தண்ணீருக்கு மேலே இருந்தது. அதில் கிடத்தினோம். முழங்கால் தண்ணீரில் நின்று பெண்கள் சுற்றி வந்து அழுதோம். மாமா கேட்ட கீழ் வீடு கிடைத்துவிட்டது.

படகு மதியத்துக்கு மேல் வந்தது.

சம்பத்துக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து ராங் நம்பர் என்றாள். மழையில் லைன் குழம்பியிருக்கும். கேட்டவர்களிடம், பெங்களூரில் பஸ் ஓடவில்லை, அவரால் வர முடியவில்லை என்று சொன்னேன். யாரும் மேலே கேட்கவில்லை. மின்மயானத்தில் மகன் யார் என்றார்கள். நான் முன்னால் போய்க் கற்பூரம் வைத்தேன்.

டிசம்பர் 9

ஷெட்டைக் கழுவினேன். சேறு போனாலும் நாற்றம் போகவில்லை. ராத்திரி "மூணாவது மாடி யாரு?" என்று கேட்க ஆள் இல்லை. அப்படியும் தூக்கம் வரவில்லை.

மாவுக்காக என்று ஆகஸ்டில் எழுதியிருக்கிறேன். பொய். கிரைண்டரை எந்த மாடியிலும் வைக்கலாம்.

டிசம்பர் 22

அதிகாரி வந்தார். வீட்டில் இப்போது முதியவர் இல்லாததால் எனக்குக் கீழ் வீட்டு முன்னுரிமை கிடையாது, பொதுக் குலுக்கலில் சேர்த்துவிட்டார்களாம். வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னார். சரி என்றேன்.

கீழ் வீடுகள் வருவதில் மாற்றம் இல்லை. மோட்டாரைப் பெரிதாக்கப் போகிறார்களாம். மாமா இருந்த இடத்தில் இன்னொரு வீட்டுக் கிழவரோ கிழவியோ. தேசம்மாவின் மாமியாருக்கு முதல் எண் கிடைத்திருக்கிறது.

மதிவதனிக்கு போன் பண்ணினேன். "திரும்ப ஒருதடவை கோலமாவு எடுத்துக்கினு வா" என்றேன்.

ஜனவரி 9

புது டைரி. மருந்துக் கடைக்காரர் இந்த முறை இந்த வருஷத்து டைரியையே கொடுத்தார், மாத்திரை வாங்க இனி நான் வரமாட்டேன் என்று தெரிந்தும்.

இன்று மைதானத்தில் கூட்டம். மதிவதனி அதிகாரியிடம் என்ன சொல்லி அழைத்து வந்தாளோ, வெள்ளத்துக்குப் பிறகு ஒருதடவை மறுபடியும் ஜனங்களைக் கேட்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். கீழே காலியாக விட்டால் அனுமதி புதிதாக வாங்க வேண்டும், ஒரு வருஷம் கூடுதலாகத் தகரம், இன்னொரு மழைக்காலமும் அங்கேதான்.

தேசம்மா எழுந்துவிட்டாள். "இன்னொரு மழை இந்தத் தகரத்துலயா? எங்களால ஆவாது. கீழயோ மேலயோ, சீக்கிரம் வூட்டக் குடுங்க."

அவள் சொல்வது தப்பில்லை. எனக்கும் அந்த ஷெட்டை நினைத்தால் மூச்சு முட்டுகிறது.

"கீழ் வூடு வேணும்னு உங்க எல்லாரையும் கை தூக்க வச்சவ நான்" என்றேன். "வேணாம்னு சொல்றதும் நான்தான். மேசை மேல கிடத்துன மாதிரி இனி ஒருத்தரையும் கிடத்தக்கூடாது."

"உனுக்கு இன்னா, மாமனாரு போயிட்டாரு. வூட்டுக்காரரும் இல்ல. ஒத்தக்கட்டை, எங்க வேணா இருப்ப" என்றாள் தேசம்மா.

சுருக்கென்று தைத்தது. சம்பத் இல்லை என்று அவள் வாயால் வந்துவிட்டது. எல்லோருக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் லைன் குழம்பிவிட்டது என்று எழுதிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அழவில்லை. நேராக மதிவதனி வரைந்திருந்த மாடிப்படிக்குப் போனேன். ஆகஸ்டில் யாரும் மிதிக்காத அதே பெட்டி, படி திரும்புகிற இடம். பக்கத்தில் மூங்கில் ஏணி கிடந்தது. அதைப் போட்டு, மேலே துண்டை விரித்து, மல்லாந்து படுத்தேன்.

"அந்தோணி, நாலு பேரை இட்டாந்து தூக்கு" என்றேன்.

"யக்கா, இன்னாக்கா இது?"

"தூக்கு. திருப்பிப் பாரு."

"வெள்ளிக்கிழம அதுவுமா, உசுரோட இருக்கறவள" என்று தேசம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

"மாடியிலேர்ந்து எறக்க ஒத்திகை பாத்துக்கறேன். அன்னிக்கு மாமாவுக்குப் பாக்காம உட்டுட்டோம்."

தூக்கினார்கள். மல்லாந்து பார்த்தால் வானம் மட்டும்தான் தெரிகிறது, சுவர் தெரியவில்லை. நாலு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள். கால்பக்கம் பிடித்திருந்த பெருமாள் கோட்டைத் தாண்டிவிட்டார். "அங்க சுவருங்க அண்ணா" என்றாள் மதிவதனி. பெருமாள் சுவருக்குள் நின்றுகொண்டு முழித்தார். யாரும் சிரிக்கவில்லை. மாமாவை இறக்கியபோது அங்கே இருந்தவர்கள்தான் எல்லோரும்.

மதிவதனி குனிந்து கோட்டைத் தள்ளிப் போடப் போனாள். அவசரத்தில் கோணலாக வந்தது. தேசம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "குடு இப்படி" என்று மாவு டப்பாவைப் பிடுங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பழைய கோட்டைக் காலால் தேய்த்துவிட்டு, இரண்டு அடி தள்ளிப் புதுக்கோடு இழுத்தாள்.

"இப்ப திருப்புங்க" என்றாள்.

திருப்பினார்கள். எதிலும் இடிக்கவில்லை. நேராகப் படுத்தபடி, படி திரும்பி, கோட்டுக்கு வெளியே, தூண்கள் வரப்போகிற காலி இடத்துக்கு வந்தேன். அதிகாரி, கீழே காலியாக விடச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

என்னைத் தூக்கியிருந்த நாலு பேராலும் கை தூக்க முடியவில்லை.

"எறக்கிட்டுத் தூக்குங்கப்பா" என்றேன்.

இறக்கினார்கள். தரை முதுகில் பட்டபோது அந்தோணி என் காதருகே குனிந்து, "கிரவுண்டு ஃப்ளோர்க்கா. எறங்கறவங்க எறங்கலாம்" என்றான். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே கிடந்தேன்.

படுத்திருந்ததால் எனக்குக் கைகள்தான் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. நாலு கைகள் முதலில். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. கோலமாவு ஒட்டிய ஒரு கை கடைசியாக உயர்ந்தது. இன்னொரு வருஷம் தகரம்தான். நானும் படுத்தபடியே கையைத் தூக்கினேன்.